ஃபால்அவுட் 76: சென்னையிலிருந்து ஆடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபால்அவுட் 76 என்ற ஆன்லைன் வீடியோ கேமை ஆடத் தொடங்கி முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பை நிறைந்துவிடும். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து, ஓட முடியாமல், ஃபாஸ்ட் டிராவலும் (மேப்பில் தொட்ட இடத்துக்கு உடனே தாவுவது) வேலை செய்யாமல், பொருள் சேமிக்கும் ஸ்டாஷ் பெட்டியும் நிரம்பி, எதை எறிவது என்று அரைமணி நேரம் குழம்பிவிட்டு கேமை மூடிவிடுவார்கள். எதிரியை எப்படிச் சுடுவது என்பதை கேமே கற்றுக்கொடுத்துவிடும். எதை எடுக்காமல் விடுவது என்பதை அது சொல்லித்தருவதில்லை. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

பின்னணி இரண்டு வரியில்: 2077 அக்டோபர் 23 அன்று அணு ஆயுதப் போர். 25 வருடம் கழித்து, 2102-இல், வால்ட் 76 என்ற நிலத்தடிப் பெட்டகத்தின் கதவு திறக்கிறது. நீங்கள் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில், அப்பலாச்சியாவில், வெளியே வருகிறீர்கள். பெதஸ்டா 2018 நவம்பர் 14-இல் வெளியிட்டபோது இந்த உலகில் பேசுவதற்கு மனிதர்களே கிடையாது, ரோபோக்களும் ஒலிநாடாக்களும்தான். 2020 ஏப்ரலில் வந்த வேஸ்ட்லேண்டர்ஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் ஊர், ஆட்கள், உரையாடல் எல்லாம் வந்தன. பழைய விமர்சன வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அவை இப்போதைய கேமைப் பற்றியவை அல்ல.

தொடங்கும் முன்: மெஷின், கரண்ட், நெட்

முதலில் எந்த மேடையில் ஆடுவது என்பதை முடிவு செய்யுங்கள். பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி உலகங்கள். பிசியில் இருப்பவர் பிளேஸ்டேஷன் நண்பரோடு சேர முடியாது, ஒன்றில் வளர்த்த கேரக்டரை இன்னொன்றுக்கு மாற்றவும் முடியாது. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆடப் போகிறீர்கள் என்றால் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பிசியில் குறைந்தபட்சத் தேவை கோர் ஐ5-6600கே, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 780 அளவுக்கு ஒரு கார்டு. இதில் ஓடும், ஆனால் கூட்டமான ஈவென்ட்களில் (பலர் சேர்ந்து செய்யும் வேலைகள்) திணறும். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் நிம்மதி. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் ஃபாஸ்ட் டிராவல் லோட் ஆகி முடிவதற்குள் ஈவென்ட் பாதி போயிருக்கும். 100 ஜிபிக்கு மேல் காலி இடம் ஒதுக்கி வையுங்கள். ஃபிரேம் குறைந்தால் முதலில் ஷேடோவையும் காட்ரேஸையும் (ஒளிக்கதிர் காட்சி) இறக்குங்கள், டெக்ஸ்ச்சரை கடைசியில் தொடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் ஆடினால் கார்டு சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று ஃபிரேம் பாதியானால் சர்வரைத் திட்டும் முன் வெப்பநிலையைப் பாருங்கள். ஃபிரேம் ரேட்டை 60-க்கு மட்டுப்படுத்தினால் சூடு கணிசமாகக் குறையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேனில் படியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள்.

இந்த கேமில் பாஸ் பட்டன் கிடையாது. கரண்ட் போய் வரும் அரை நொடியில் பிசி ரீஸ்டார்ட் ஆனால் பாதி முடித்த எக்ஸ்பெடிஷன், டெய்லி ஆப்ஸ் போன்ற நீளமான வேலைகளும் போய்விடும். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் போடுங்கள். மற்ற மோடில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் அதிகம், பிசி தாங்காது. பிசி பிழைத்து ரவுட்டர் அணைந்துபோனாலும் அதே கதிதான், அதனால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று ரிச்சி தெருவில் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ரவுட்டரை 1 ஆம்பியர் பெட்டியில் மாட்டினால் அது விட்டுவிட்டு அணையும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும், அன்று பகலில் நீளமான வேலை எதையும் தொடங்காதீர்கள்.

நெட்டைப் பொறுத்தவரை வேகத்தைவிட நிலைத்தன்மைதான் முக்கியம். லேன் கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அதுவும் ஒரே அறையில். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடலாம், ஆனால் நீங்கள் சுட்ட எதிரி ஒரு நொடி கழித்து விழுவதும், செத்தது எழுந்து நிற்பதும் அடிக்கடி நடக்கும்.

நேரக் கணக்கு ஒன்று. தினசரி சவால்கள் அமெரிக்கக் கிழக்கு நேரம் பகல் 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். நமக்கு அது மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரவு 9.30, மற்ற மாதங்களில் இரவு 10.30. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பழைய நாளின் சவாலையும் புது நாளின் சவாலையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். பெரிய அப்டேட்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை வருவதால் அன்று மாலை சர்வர் மூடியிருந்தால் பதற வேண்டாம்.

பெட்டகத்தை விட்டு வெளியே

புதுக் கேரக்டருக்கு லெவல் 1-லிருந்தா, தயார் ஆயுதங்களோடு லெவல் 20-லிருந்தா என்று கேட்பார்கள். முதல்முறை ஆடுபவர் லெவல் 1-ஐ எடுங்கள். 20-இல் தொடங்கினால் பெர்க் கார்டு (கேரக்டருக்குத் திறமை தரும் அட்டை) எப்படி வேலை செய்கிறது என்பதே புரியாமல் இருபது கார்டுகள் கையில் நிற்கும்.

வெளியே வந்ததும் வாசலில் லேசி, இஸெலா என்று இருவர் நிற்பார்கள். அவர்களிடம் பேசிவிட்டுக் கீழே இறங்கினால் வேவர்ட் என்ற மதுக்கடை, அதை நடத்தும் டச்சஸ். இது ஒரு கதைச்சரடு. இன்னொன்று, உங்கள் பெட்டகத்தின் தலைவியான ஓவர்சியர் விட்டுச்சென்ற தடத்தைப் பின்தொடர்வது. அது அவருடைய முகாம் வழியாக ஃபிளாட்வுட்ஸ் ஊருக்கும், பிறகு மார்கன்டவுன் விமான நிலையத்துக்கும் கூட்டிப்போகும். இரண்டையும் சேர்த்தே ஆடுங்கள். ஃபிளாட்வுட்ஸில் தண்ணீர் காய்ச்சவும் இறைச்சி வாட்டவும் கற்றுத்தரும் சின்ன வேலைகளைத் தாண்டிப் போகாதீர்கள். மார்கன்டவுன் விமான நிலையத்தில் ஓவர்சியரின் பெட்டியில் சின்ன முதுகுப்பை செய்யும் பிளான் கிடைக்கும். அதை எடுத்தவுடன் செய்து மாட்டுங்கள். பிறகு பயனியர் ஸ்கவுட்ஸ் வேலையான 'ஆர்டர் ஆஃப் தி டாட்போல்' முடித்தால் மாற்றங்கள் செய்யக்கூடிய பெரிய பை கிடைக்கும்.

ஒன் வேஸ்ட்லேண்ட் அப்டேட்டில், 2020 செப்டம்பரில், எதிரிகளின் லெவல் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஏற்ப மாறும்படி செய்துவிட்டார்கள். லூட்டும் தனித்தனிதான், ஒரே பெட்டியை நால்வர் திறந்தாலும் நால்வருக்கும் வேறு வேறு பொருள். அதனால் லெவல் 300 நண்பரோடு லெவல் 8 ஆசாமி தாராளமாகச் சுற்றலாம். ஒரு உலகத்தில் இருப்பவர்கள் சுமார் 24 பேர்தான். உயர் லெவல்காரர் யாராவது உங்கள் முன் வந்து கையசைத்து ஒரு பையைக் கீழே போட்டால் அது உங்களுக்குத்தான், எடுத்துக்கொள்ளுங்கள். இதய எமோட் (சைகைச் சின்னம்) ஒன்று போட்டால் போதும்.

மைக் விஷயத்தில் கவனம். ஏரியா வாய்ஸ் திறந்திருந்தால் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும், அம்மா தோசை ஆறுகிறது என்று கூப்பிடுவது உட்பட. டீம் வாய்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது பட்டன் அழுத்தினால் மட்டும் பேசும்படி வையுங்கள்.

கனம்

நீங்கள் தூக்கக்கூடியது 150 பவுண்டு, அதோடு ஒவ்வொரு ஸ்ட்ரெங்த் (வலிமை) புள்ளிக்கும் 5. ஸ்ட்ரெங்த் 15 வைத்தாலும் 225-தான். வரம்பைத் தாண்டினால் ஓடும்போது ஏபி (ஓடவும் குறிபார்க்கவும் செலவாகும் ஆற்றல்) கரையும், ஃபாஸ்ட் டிராவல் பூட்டிக்கொள்ளும். ஸ்டாஷ் பெட்டியின் கொள்ளளவு 1200 பவுண்டு. உலகில் எத்தனை ஸ்டாஷ் பெட்டி பார்த்தாலும் எல்லாம் ஒரே பெட்டிதான். ஃபால்அவுட் ஃபர்ஸ்ட் என்ற மாதச் சந்தா கட்டினால் ஸ்கிராப்புக்கு (பொருளை உடைத்தால் வரும் மூலப்பொருள்) அளவில்லாத தனிப்பெட்டியும், தோட்டாவுக்குத் தனிப்பெட்டியும் கிடைக்கும். வசதிதான், ஆனால் ஒரு மாதம் சந்தா இல்லாமல் ஆடிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஒழுங்கு பழகாதவருக்கு அளவில்லாத பெட்டியும் குப்பைக்கிடங்குதான்.

செத்தால் என்ன போகும் என்பதிலிருந்து தொடங்கலாம். கையில் இருக்கும் ஜங்க் (உடைப்பதற்காக எடுக்கும் குப்பைப் பொருள்) மட்டும்தான் கீழே விழும். ஆயுதமும் கவசமும் மருந்தும் உங்களிடமே இருக்கும். விழுந்த இடத்துக்குப் போனால் பையை எடுத்துக்கொள்ளலாம், போகும் வழியில் மறுபடி செத்தால் பழைய பை போச்சு. ஆகவே ஜங்க்கோடு சண்டைக்குப் போகக் கூடாது.

ஒவ்வொரு ஈவென்ட்டுக்குப் பிறகும் செய்ய வேண்டியது இது. வரிசை முக்கியம்.

1. பக்கத்து ரயில் நிலையத்துக்கோ உங்கள் கேம்புக்கோ (நீங்களே கட்டும் வீடு) போங்கள். ஏதாவது ஒரு வொர்க்பெஞ்சில் எல்லா ஜங்க்கையும் ஸ்கிராப் செய்யுங்கள். மேசை விசிறியாக இருக்கும்போது அது பெரிய கனம், ஸ்குரூவும் ஸ்டீலுமாகப் பிரித்தால் சின்ன கனம்.
2. சாதாரண ஆயுதங்களையும் கவசங்களையும் ஸ்கிராப் செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் வகைத் துப்பாக்கி எத்தனை கிடைத்தாலும் விற்காமல் உடையுங்கள், உடைக்க உடைக்கத்தான் அதன் மாட்கள் (ஆயுதத்தில் செய்யும் மாற்றங்கள்) திறக்கும்.
3. நட்சத்திரம் போட்ட லெஜன்டரிகளைப் (சிறப்புச் சக்தி உள்ள ஆயுதம், கவசம்) பாருங்கள். உங்கள் பில்டுக்கு (கேரக்டரின் புள்ளி, கார்டு, ஆயுத அமைப்பு) ஆகாதவற்றில் சிலவற்றை ரயில் நிலைய மெஷினில் போட்டு ஸ்கிரிப் (லெஜன்டரிகளுக்கான நாணயம்) எடுங்கள். அதற்கு நாள் வரம்பு உண்டு, வரம்பு முடிந்ததும் மீதியை ஸ்கிராப் செய்யுங்கள். 2024 செப்டம்பரில் வந்த மைல்போஸ்ட் ஜீரோ அப்டேட்டுக்குப் பிறகு, அப்படி உடைக்கும்போது அந்த லெஜன்டரி மாட் பெட்டியாகவோ, அதைச் செய்யும் அறிவாகவோ கிடைக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு குறைவு, ஆனால் வீணில்லை.
4. மருந்தையும் சாப்பாட்டையும் எண்ணுங்கள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். ஸ்டிம்பேக் (உடல்நலம் ஏற்றும் ஊசி) 30, ராட்அவே (கதிர்வீச்சை நீக்கும் மருந்து) 20 போதும். மிச்சத்தை விற்கவும்.
5. நீங்கள் பயன்படுத்தாத தோட்டாவை வைத்துக்கொள்ளாதீர்கள். மினி நியூக், ஏவுகணை, ஃப்யூஷன் கோர் (இயந்திரக் கவசத்தின் பேட்டரி) மூன்றும் கனத்தின் ராஜாக்கள்.

ஸ்டாஷில் எவ்வளவு வைப்பது? ஸ்டீல் 300, மரம் 150, மற்ற ஒவ்வொன்றும் 100 என்று ஒரு உச்சவரம்பு போடுங்கள். ஸ்குரூ, ஸ்பிரிங், அடீசிவ் (பசை), பாலிஸ்டிக் ஃபைபர், லெட் (ஈயம்), ஆசிட் ஆகியவற்றுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம், இவைதான் எப்போதும் பற்றாக்குறை. சுகர் குரோவ் அலுவலக அறைகளில் ஸ்குரூவுக்கும் சர்க்யூட்டுக்கும் ஆகும் பொருள்கள் குவிந்திருக்கும். கேம்ப் மெக்லின்டாக்கில் ராணுவத் தோட்டாப் பைகளைத் தேடினால் பாலிஸ்டிக் ஃபைபர். லெட்டுக்கு லக்கி ஹோல் சுரங்கம், அல்லது உடற்பயிற்சி எடைக்கட்டிகள் எங்கே கண்டாலும். அடீசிவ்வுக்கு அலையவே வேண்டாம்: கேம்பில் சோளம், டேட்டோ, மட்ஃப்ரூட் பயிரிட்டு, காய்ச்சிய தண்ணீரோடு வெஜிடபிள் ஸ்டார்ச் சமைத்து அதை ஸ்கிராப் செய்தால் அடீசிவ். பல்க் கட்டுவது (ஸ்கிராப்பை மொத்தமாகப் பொட்டலம் போடுவது) விற்பதற்காகத்தான், கனம் குறையும் என்று நம்பி எல்லாவற்றையும் பல்க் ஆக்கிப் பிளாஸ்டிக்கை வீணடிக்காதீர்கள்.

கனத்துக்கென்றே உள்ள கார்டுகள்: ஜங்க்குக்குப் பேக் ரேட், தோட்டாவுக்குப் பேண்டோலியர், சாப்பாட்டுக்குத் த்ரூ-ஹைக்கர், பெரிய துப்பாக்கிக்குப் பேர் ஆர்ம்ஸ். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் சண்டைக்கு இடம் இருக்காது. ஆயுதத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றிரண்டை மட்டும் போடுங்கள்.

ஸ்பெஷல் புள்ளிகளும் கார்டுகளும்

ஸ்ட்ரெங்த் முதல் லக் வரை ஏழு குணங்களும் 1-இல் தொடங்கும். லெவல் 50 வரை லெவலுக்கு ஒரு புள்ளி, ஆக மொத்தம் 56. ஒரு குணத்தின் உச்சம் 15. அந்தக் குணத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை மதிப்புக்குத்தான் அங்கே கார்டு மாட்டலாம். இரண்டாம் ரேங்க் கார்டு இரண்டு புள்ளியைத் தின்னும். லெவல் 25 ஆனதும் பஞ்ச் கார்டு மெஷினைக் கேம்பில் வைத்துப் புள்ளிகளை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம், பல லோட்அவுட்கள் (புள்ளி, கார்டு அமைப்புகள்) சேமித்தும் வைக்கலாம். எனவே ஆரம்பத் தவறுகளுக்காகப் புதுக் கேரக்டர் தொடங்க வேண்டியதே இல்லை.

லெவல் 20 வரை கிடைத்ததை வைத்துச் சுடுங்கள். அதற்குள் எந்த வகை ஆயுதம் கைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரே வகையில் நில்லுங்கள். ஷாட்கன் பாதி, ரைஃபிள் பாதி, கோடாரி கொஞ்சம் என்று கலந்தவர்கள்தான் லெவல் 40-இல் ஒரு சூப்பர் மியூட்டன்ட்டுக்கு 80 தோட்டா செலவழித்துவிட்டு கேம் மோசம் என்பார்கள். கோளாறு டேமேஜ் கார்டில் இருக்கிறது.

புதியவருக்கு நாங்கள் சொல்லும் பில்டு பவர் ஆர்மரும் (உள்ளே ஏறி அணியும் இயந்திரக் கவசம்) ஹெவி கன்னும். நெட் தாமதம் இருந்தாலும் மன்னிக்கும், குறி தவறினாலும் மன்னிக்கும். பங்கீடு: ஸ்ட்ரெங்த் 15, பெர்செப்ஷன் 4, எண்டூரன்ஸ் 4, கரிஸ்மா 8, இன்டெலிஜென்ஸ் 12, அஜிலிட்டி 3, லக் 10. ஸ்ட்ரெங்த்தில் ஹெவி கன்னர், பேர் ஆர்ம்ஸ், புல்லட் ஷீல்டு. இன்டெலிஜென்ஸில் ஸ்டெபிலைஸ்டு கட்டாயம், பவர் ஆர்மருக்குள் ஹெவி கன் குறியை நேராக்குவது அதுதான். கூடவே ஃப்யூஷன் கோர் நீடிக்கப் பவர் யூசர். எண்டூரன்ஸில் ஃபயர்ப்ரூஃப், கரிஸ்மாவில் இன்ஸ்பிரேஷனலும் டெண்டரைசரும், லக்கில் பிளடி மெஸ். தொடக்க ஆயுதம் 50 கேலிபர் மெஷின்கன், எளிதில் கிடைக்கும், எளிதில் ரிப்பேர் ஆகும்.

வாட்ஸ் (குறிபார்க்க உதவும் முறை) வைத்து வேகமாகக் குறிபார்த்து ஆட ஆசை என்றால் தானியங்கி ரைஃபிள் பில்டு: பெர்செப்ஷன், அஜிலிட்டி, லக் மூன்றும் 15, மீதி 11-ஐ ஸ்ட்ரெங்த் 3, எண்டூரன்ஸ் 1, கரிஸ்மா 4, இன்டெலிஜென்ஸ் 3 என்று பிரியுங்கள். பழைய ஃபால்அவுட் கேம்களைப் போல இங்கே வாட்ஸில் நேரம் நிற்காது. பிங் (சர்வர் பதில் தரும் நேரம்) தாவிக்கொண்டிருந்தால் 95 சதவீதம் காட்டிய குறியும் தவறும். லேன் கேபிள் இல்லாமல் இந்தப் பில்டைப் பரிந்துரைக்க மாட்டோம்.

உடல்நலத்தைக் குறைத்து வைத்து டேமேஜை ஏற்றும் பிளடீட் பில்டைப் பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். பலமானதுதான். ஆனால் அதற்கேற்ற கவசம் சேராமல், லெவல் 50-க்கு முன்னால் முயன்றால் ஒவ்வொரு வெடியிலும் செத்துக்கொண்டே இருப்பீர்கள். 2025 மார்ச்சில் வந்த கூல் (Ghoul, கதிர்வீச்சில் உருமாறிய மனிதர்) கேரக்டரும் அப்படித்தான். லெவல் 50-இல் திறக்கும், கதிர்வீச்சே பலமாகும், ஆனால் முதலில் மனிதராக ஆடிக் கேமைப் பழகுங்கள்.

லெவல் 50-இல் லெஜன்டரி பெர்க் இடம் ஒன்று திறக்கும், அடுத்தவை 75, 100, 150, 200, 300-இல். அவற்றை ஏற்றத் தேவையான பெர்க் காயின், வேண்டாத கார்டுகளை உடைத்தால் வரும். எந்தக் கார்டையும் லெவல் 50-க்கு முன் உடைக்காதீர்கள்.

மியூட்டேஷன்களைப் (உடலில் வரும் மரபணு மாற்றங்கள்) பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: லக்கில் ஸ்டார்ச்டு ஜீன்ஸ் மாட்டாமல் ராட்அவே குடித்தால், காப்ஸ் (இந்த உலகின் பணம்) கொட்டி வாங்கிய, மியூட்டேஷன் தரும் சீரம் வீணாகிவிடும். அதை மாட்டிய பிறகு மார்சூபியல் முதலில் வாங்குங்கள், உயரத் தாவலாம், 20 பவுண்டு கூடுதலாகத் தூக்கலாம்.

கேம்ப்

அழகான வீட்டை அப்புறம் கட்டலாம். முதல் கேம்பில் இருக்க வேண்டியவை ஸ்டாஷ் பெட்டி, ஆயுத பெஞ்ச், கவச பெஞ்ச், டிங்கர் பெஞ்ச், சமையல் அடுப்பு, கட்டில், இரண்டு வாட்டர் ப்யூரிஃபையர், ஒரு ஜெனரேட்டர். ஊர்ப்பெயர் உள்ள இடங்களுக்கு மிக அருகே வைக்க விடாது. ஃபாரஸ்ட் பகுதியில் தண்ணீர் ஓரமாக வைத்தால் ப்யூரிஃபையரை நீரிலேயே நிறுத்தலாம், தொல்லை கொடுக்கும் எதிரிகளும் குறைவு. சொந்தக் கேம்புக்கு ஃபாஸ்ட் டிராவல் இலவசம், எனவே மேப்பின் நடுவாக அமைந்தால் காப்ஸ் மிச்சம். உள்ளே நுழைந்ததும் உங்கள் இடத்தை வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று செய்தி வந்தால் கேம்பை இடம் மாற்ற வேண்டாம், வெளியேறி வேறு உலகத்துக்குப் போனால் போதும்.

கட்டிலில் சற்றுப் படுத்தால் வெல் ரெஸ்டட் கிடைக்கும், எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) 5 சதவீதம் கூடும். பசியும் தாகமும் இப்போது தண்டனை அல்ல, பட்டை நிறைந்திருந்தால் நன்மை தரும், அவ்வளவுதான்.

டீமும் ஈவென்ட்டும்

தனியாகச் சுற்றினாலும் பப்ளிக் டீமில் சேருங்கள். யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கேஷுவல் டீம் இன்டெலிஜென்ஸை உயர்த்தும், இன்டெலிஜென்ஸ் உயர்ந்தால் எக்ஸ்பி உயரும். டீம்காரர்களின் கேம்புக்குப் போவதும் இலவசம். நெட் அறுந்து வெளியே தள்ளினால் நண்பர் பட்டியலிலிருந்து அவர் இருக்கும் உலகத்திலேயே மீண்டும் நுழையலாம். சென்னையில் நாலு பேர் சேர்ந்து ஆடுவதற்கு இதுவே பெரிய காரணம், ஒரே நேரத்தில் நாலு ஏரியாவிலும் கரண்ட் போவது அரிது.

மேப்பில் பப்ளிக் ஈவென்ட் தோன்றியதும் போய்விடுங்கள், அதற்கான பயணம் இலவசம். தொடக்கத்தில் கைடட் மெடிட்டேஷனும் கேம்ப்ஃபயர் டேல்ஸும் எளிது. மார்கன்டவுன் பக்கத்து மாமா டோல்ச்சே ஆலையில் நடக்கும் ஃபீட் தி பீப்பிள் முடித்தால் கிடைக்கும் இறைச்சி ஸ்டூவில் எக்ஸ்பி 5 சதவீதம் கூடும். கிரான்பெர்ரி ரெலிஷ் சமைக்கக் கற்றால் 10.

அதிகம் கற்றுத்தருவது பிளாக்வாட்டர் சுரங்கத்தில் நடக்கும் யுரேனியம் ஃபீவர். மூன்று எக்ஸ்ட்ராக்டர் இயந்திரங்களை மோல் மைனர்களிடமிருந்து காக்க வேண்டும், கடைசியில் மூன்று லெஜன்டரி மைனர்கள் வருவார்கள். எல்லோரும் ஒரே மெஷினில் குவிவதுதான் வழக்கமான தவறு. மூன்றாக நில்லுங்கள், லெஜன்டரி வந்தவுடன் மற்றவர் ஓடிவர எமோட் கொடுங்கள். நீங்கள் ஒரு குண்டாவது அடித்த எதிரியில்தான் உங்களுக்கு லூட்டும் எக்ஸ்பியும் கிடைக்கும். பெரிய லெவல்காரர் இருந்தால் ஒரே அடியில் கொல்லாமல் மற்றவருக்குக் கொஞ்சம் விடுவது மரியாதை. எல்லாமே வேகமாகச் சாகிறது என்றால் டெஸ்லா ரைஃபிள் எடுங்கள், மின்னல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவி எல்லோரையும் தொட்டுவிடும். எம்மெட் மலையில் நடக்கும் ரேடியேஷன் ரம்பிளுக்குப் பவர் ஆர்மர் அல்லது ஹேஸ்மட் (கதிர்வீச்சுத் தடுப்பு) உடை இல்லாமல் போகாதீர்கள். அங்கே எல்லோரும் சுட்டுக்கொண்டு நிற்க, சுரங்கத்துக்குள் போய்த் தாது எடுத்துவர ஆளே இருக்காது, தாது குறைந்தால் பரிசும் குறையும். அந்த வேலையை லெவல் குறைந்தவர் தாராளமாகச் செய்யலாம்.

லெவல் 50-ஐத் தாண்டியவர்களுக்கு வெஸ்ட் டெக் ஆய்வுக்கூடம் எக்ஸ்பி சுரங்கம். உள்ளே வெளியே எங்கும் சூப்பர் மியூட்டன்ட்டுகள்.

எக்ஸ்கவேட்டர் கவசம், காப்ஸ், தங்கம்

லெவல் 25-ஐ நெருங்கியதும் கேராஹன் மைனிங் தலைமையகத்தில் தொடங்கும் 'மைனர் மிராக்கிள்ஸ்' வேலையைச் செய்யுங்கள். கிடைக்கும் எக்ஸ்கவேட்டர் பவர் ஆர்மரின் எல்லா உறுப்புகளும் மாட்டியிருந்தால் சுமை 100 பவுண்டு கூடும், தாது தோண்டும்போதும் பல மடங்கு கிடைக்கும். இதற்குத் தேவையான பிளாக் டைட்டானியத்தை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள், வேலையின் நடுவில் அதற்காக அலைவது சலிப்பு. சண்டைக்கு இதைவிட நல்ல கவசங்கள் உண்டு. லூட் எடுக்க இதற்கு நிகர் இல்லை.

காப்ஸ் சம்பாதிக்க, கடைக்கார ரோபோக்கள் ஒரு நாளைக்கு எல்லோரும் சேர்ந்து 1400 காப்ஸ்தான் தருவார்கள். அது பொதுக் கஜானா, ஒரு கடையில் தீர்த்துவிட்டு வேறு ஊர்க் கடைக்கு ஓடிப் பயனில்லை. சுத்தத் தண்ணீர், உபரி மருந்து, எதிரி போட்ட துப்பாக்கிகள் விற்றால் தினமும் அந்த 1400 வந்துவிடும். மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்க வெண்டிங் மெஷின் வையுங்கள், 10 சதவீதம் கேம் எடுத்துக்கொள்ளும். தோட்டாவை ஒன்றுக்கு 1 காப்ஸ் என்று போட்டால் விற்றுப்போகும். அதிகபட்சம் 40,000 காப்ஸ்தான் வைத்திருக்க முடியும். அதை நெருங்குகிறீர்கள் என்றால் செலவழியுங்கள், மேலே வருவதெல்லாம் காற்றோடு போகும்.

ஈவென்ட்களில் கிடைக்கும் டிரெஷரி நோட்டுகளைத் தங்கமாக மாற்றலாம், ஒரு நோட்டுக்கு 10. முதலில் வால்ட் 79 கதையை முடிக்க வேண்டும். ஃபவுண்டேஷன் குடியேறிகளா, கிரேட்டர் ரெய்டர்களா என்று அதில் ஒரு பக்கம் சேரச் சொல்வார்கள். பிறகு இரு பக்க மதிப்பையும் ஏற்றிக்கொள்ளலாம், ரொம்ப யோசிக்க வேண்டாம். தங்கத்தை உடனே செலவழிக்காதீர்கள். மினர்வா என்ற வியாபாரி ஊர் ஊராக வந்து அதே பிளான்களை 25 சதவீதம் தள்ளுபடியில் விற்பார்.

அணுகுண்டு

எல்லாக் கதையும் இங்கேதான் முடியும், ஆனால் முதலில் அடுத்தவர் போடும் குண்டுக்குப் போய்ப் பழகுங்கள். கிரான்பெர்ரி பாக்கில் ஃபிஷர் சைட் பிரைமில் குண்டு விழுந்தால் ஸ்கார்ச்பீஸ்ட் ராணி எழும், 'ஸ்கார்ச்டு எர்த்' ஈவென்ட் தொடங்கும். மோனங்கா சுரங்கத்தில் விழுந்தால் வெண்டிகோ கொலாசஸ் ஆன எர்ல். ராணி பறக்கும்போது தோட்டாவை வீணாக்காமல் கீழே வரும் குட்டிகளைக் கொல்லுங்கள், தரையிறங்கியதும் எல்லோரும் சேர்ந்து தலையில் அடியுங்கள். அந்த வட்டத்துக்குள் ஹேஸ்மட் உடையோ பவர் ஆர்மரோ இல்லாமல் சில நொடி கூடத் தாங்காது.

நீங்களே போட வேண்டுமென்றால் எங்க்ளேவ் (பழைய அரசின் மிச்சமான ரகசிய அமைப்பு) கதையில் ஜெனரல் பதவி வரை ஏறியிருக்க வேண்டும், ஒரு நியூக்ளியர் கீகார்டு வேண்டும், அந்த வாரத்துக்கான எட்டு இலக்கக் குறியீடு வேண்டும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என மூன்று சைலோக்கள் (ஏவுகணைக் கிடங்குகள்), மூன்றுக்கும் குறியீடு வேறு வேறு, வாரந்தோறும் மாறும். உள்ளே வரிசை எப்போதும் ஒன்றுதான்: அடையாள அட்டை எடுத்து லேசர் கதவைத் தாண்டுவது, ரியாக்டர் அறையில் குழாய்களைச் சரிசெய்வது, மெயின்ஃபிரேம் கோர்களை மாற்றுவது, கடைசியில் ரோபோக்கள் குவியும் கட்டுப்பாட்டு அறையில் ஏவுதல் ஏற்பாடு முடியும்வரை தாக்குப்பிடிப்பது. டரெட்டுகளும் ரோபோக்களும் இடைவிடாமல் வரும் என்பதால் தோட்டா நிறையவும் ஃப்யூஷன் கோர் உபரியாக இரண்டும் கொண்டுபோங்கள், ஜங்க்கை மட்டும் முன்பே ஸ்டாஷில் போட்டுவிடுங்கள்.

வழியில் துண்டிக்கப்பட்டால் சைலோவை முதலிலிருந்து செய்ய வேண்டும். எனவே கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து, நண்பர் ஒருவரையும் டீமில் வைத்துக்கொண்டு உள்ளே இறங்குங்கள். குண்டு விழுந்த பகுதியில் பூக்கும் செடிகளிலிருந்து ஃபிளக்ஸ் (உயர்தரப் பொருள் செய்ய உதவும் மூலப்பொருள்) எடுக்கலாம். பச்சையாக வைத்திருந்தால் சீக்கிரமே உதவாமல் போய்விடும் என்பதால், சண்டை முடிந்த கையோடு கெமிஸ்ட்ரி பெஞ்சுக்குப் போய் ஹார்டன்டு மாஸ், க்ளோயிங் மாஸ், ஹை ரேடியேஷன் ஃப்ளூயிட் மூன்றையும் சேர்த்து நிலைப்படுத்திவிடுங்கள். இந்த மூன்றும் அந்த வட்டத்துக்குள் கதிர்வீச்சில் ஒளிரும் எதிரிகளின் உடலில்தான் கிடைக்கும். ராணி விழுந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள், அந்த உடல்கள் மறைவதற்குள் ஒரு சுற்று சுற்றிவந்து எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.